ஒன்பது உடல்கள், ஒரு தடை

சென்ற இதழில் ஒரு வாசகர், "கதை எழுதுகிறவர்கள் யாராவது கணிதத்தில் புதிதாக எதையாவது நிறுவியதுண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு, 'ஃப்யூச்சராமா' என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரில் 'தி பிரிசனர் ஆஃப் பெண்டா' என்ற ஒரே ஓர் அத்தியாயத்துக்காக ஒரு தேற்றம் பிறந்தது என்று நான்கு வரியில் பதில் எழுதினேன். நான்கு வரி போதாது என்று சொல்லி வந்த கடிதங்கள்தான் இந்த முறை என் மேஜையில் அதிகம். வகுப்பில் வரிசைமாற்றங்களை, அதாவது பொருள்களை இடம் மாற்றி அடுக்கும் கணக்கை, தொடங்கும்போதெல்லாம் நான் கையில் எடுக்கும் கதை இது. எனவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன்.

டீச்சர், அந்தத் தொடரை நான் பார்த்ததே இல்லை. கதை தெரியாமல் தேற்றம் புரியாது போலிருக்கிறது. முதலில் கதையைச் சொல்லுங்களேன்.

பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் ஃப்ரை என்ற இளைஞன் 1999 டிசம்பர் 31 இரவு ஓர் உறைநிலைப் பெட்டிக்குள் விழுந்துவிடுகிறான். ஆயிரம் வருடம் கழித்து விழிக்கிறான். அவனுடைய வம்சத்தில் மிஞ்சியிருக்கும் கிழவர், பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த், கிரகம் விட்டுக் கிரகம் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறார். ஃப்ரை அங்கே வேலைக்குச் சேருகிறான். ஒற்றைக்கண் கேப்டன் லீலா, திருட்டுப் புத்தி கொண்ட ரோபோ பெண்டர், பயிற்சிக்கு வந்த மாணவி ஏமி, கணக்கும் கோப்புமாக இருக்கும் ஹெர்மீஸ், நண்டு உருவம் கொண்ட வேற்றுக்கிரக மருத்துவர் ஸாய்ட்பெர்க், தரை துடைக்கும் ஸ்க்ரஃபி ஆகியோர் அங்கே இருப்பவர்கள். தொடரின் களம் இவ்வளவுதான்.

நாம் பேசும் அத்தியாயம் 2010 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவில் காமெடி சென்ட்ரல் சேனலில் ஒளிபரப்பானது. பேராசிரியர் ஓர் இயந்திரம் செய்கிறார். இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் இவர் மனம் அவர் உடம்புக்கும், அவர் மனம் இவர் உடம்புக்கும் போய்விடும். கிழவருக்கு இளமை வேண்டும். ஏமிக்கு உடம்பைப் பற்றிக் கவலைப்படாமல் வயிறாரச் சாப்பிட வேண்டும். இருவரும் மாறிக்கொள்கிறார்கள். ஆசை தீர்ந்து திரும்ப மாற உட்கார்ந்தால் இயந்திரம் மறுக்கிறது. ஒருமுறை மாறிய இரண்டு உடல்கள் தங்களுக்குள் மறுபடி மாற முடியாது. கதையின் விதி இது ஒன்றே.

இதன் பிறகு ஆளாளுக்கு ஓர் ஆசையோடு இயந்திரத்துக்கு வருகிறார்கள். ரோபோ ஹங்கேரியின் சக்கரவர்த்தி நிக்கோலாயின் கிரீடத்தைத் திருட வேண்டும், ஆனால் தன் முகம் தெரியக்கூடாது என்பது பெண்டரின் திட்டம். அவன் ஏமியின் உடம்பை வாங்கிக்கொள்கிறான். பேராசிரியர் பெண்டரின் உலோக உடம்போடு ரோபோக்களின் சர்க்கஸில் போய்ச் சேர்ந்துவிடுகிறார். கிழவரின் உடம்பில் இருந்த ஏமி லீலாவின் உடம்புக்கு மாறி, சாப்பிட்டுச் சாப்பிட்டு அதைப் பருக்க வைக்கிறாள். பருத்த அந்த உடம்பு கடைசியில் ஹெர்மீஸிடம் போய்ச் சேருகிறது. ஏமியின் உடம்பு ஸ்க்ரஃபியின் வாளியிடம் போகிறது. ஆம், அந்த உலகத்தில் துடைக்கும் வாளிக்கும் மனம் உண்டு, ஸ்க்ரஃபி மேல் காதலும் உண்டு! வாளியின் உடம்புக்குள் வந்த பெண்டர், எளிய ரோபோவாக வாழ ஆசைப்படும் சக்கரவர்த்தியோடு மாறிக்கொள்கிறான். இடையில் ஃப்ரையும் ஸாய்ட்பெர்கும் தனியாக ஒருமுறை மாறிக்கொள்கிறார்கள்.

ஏழு மாற்றங்கள் முடிந்த நிலையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். பேராசிரியரின் உடம்பில் லீலா. லீலாவின் உடம்பில் ஹெர்மீஸ். ஹெர்மீஸின் உடம்பில் ஏமி. ஏமியின் உடம்பில் வாளி. வாளியின் உடம்பில் சக்கரவர்த்தி. சக்கரவர்த்தியின் உடம்பில் பெண்டர். பெண்டரின் உடம்பில் பேராசிரியர். ஏழு பேரும் ஒரே சங்கிலி, சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. ஃப்ரையின் உடம்பில் ஸாய்ட்பெர்க், ஸாய்ட்பெர்கின் உடம்பில் ஃப்ரை. இது இரண்டு பேரின் குட்டிச் சங்கிலி. எல்லாரையும் அவரவர் உடம்புக்கு எப்படித் திருப்புவது? கூடைப்பந்தும் கணிதமும் ஒருசேரக் கைவந்த குளோப்டிராட்டர்கள் அணியிலிருந்து ஸ்வீட் கிளைடு, பபிள்கம் டேட் என்ற இருவர் வந்து, பலகையில் தேற்றத்தை நிறுவி, 13 மாற்றங்களில் அத்தனை பேரையும் மீட்கிறார்கள்.

வெளியாள் இரண்டு பேர் எதற்கு? ஒருவர் போதாதா? பாத்திரங்கள் இரண்டு இருந்தால் வசனம் நன்றாக வரும் என்பதற்காக வைத்தார்களோ என்று என் தம்பி கேட்கிறான்.

தம்பியின் கேள்வியை வகுப்பில் நானே எழுப்புவது வழக்கம். பதிலை வாயால் சொல்வதில்லை, செய்துபார்க்கச் சொல்வேன். நாற்காலிகளைப் போடுங்கள், அவை உடல்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பெயர்ச்சீட்டு வையுங்கள், அது மனம். சீட்டுகளை மட்டுமே மாற்றலாம். ஒரு ஜோடி நாற்காலிகளுக்கு ஒரே ஒரு முறைதான்.

ஃப்ரை, ஸாய்ட்பெர்க் இருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாறிவிட்டார்கள், நேராகத் திரும்ப முடியாது. கிளைடு மட்டும் உதவிக்கு வருகிறார் என்று வைப்போம். ஃப்ரை உடம்பும் கிளைடு உடம்பும் மாறினால், ஸாய்ட்பெர்கின் மனம் கிளைடு உடம்புக்கு வந்துவிடும், கிளைடின் மனம் ஃப்ரை உடம்பில் இருக்கும். அடுத்து ஸாய்ட்பெர்க் உடம்பும் கிளைடு உடம்பும். ஸாய்ட்பெர்க் வீடு வந்து சேர்ந்தார். ஃப்ரையின் மனம் கிளைடு உடம்பில், கிளைடின் மனம் ஃப்ரை உடம்பில். இன்னும் ஒரே ஒரு மாற்றம்தான் தேவை. ஆனால் அந்த ஜோடியைத்தான் முதலிலேயே செலவழித்துவிட்டோம். வரிசையைத் திருப்பிப் போட்டாலும் இதே கதி. வேறு ஜோடி மிச்சமில்லை. ஒருவர் போதாது என்பது இங்கேயே முடிந்துவிட்டது.

இப்போது பபிள்கம்மையும் கூப்பிடுங்கள். முதலில் ஃப்ரையும் கிளைடும். பிறகு ஸாய்ட்பெர்கும் பபிள்கம்மும். இந்த நேரத்தில் கிளைடு உடம்பில் ஸாய்ட்பெர்கின் மனம், பபிள்கம் உடம்பில் ஃப்ரையின் மனம். இரண்டு பேரும் வெளியாட்களிடம் பத்திரமாக ஒதுங்கிவிட்டார்கள். மூன்றாவதாக ஃப்ரையும் பபிள்கம்மும். ஃப்ரை வீடு வந்தான். நான்காவதாக ஸாய்ட்பெர்கும் கிளைடும். அவரும் வந்துவிட்டார். நான்கு மாற்றங்கள், எந்த ஜோடியும் இரண்டு முறை வரவில்லை. கிளைடும் பபிள்கம்மும் மட்டும் ஒருவர் உடம்பில் ஒருவர் இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் இதுவரை மாறியதே இல்லை என்பதால் அந்த ஒரு மாற்றம் எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

வகுப்பில் இந்த இடத்தில் எழும் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசி பெஞ்சில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்து நாற்காலிகளைச் சுற்றி நிற்பார்கள்.

எத்தனை பேர் கொண்ட சங்கிலியானாலும் முறை இதுவே: ஆட்களின் எண்ணிக்கையைவிட இரண்டு மாற்றங்கள் அதிகம், முடிவில் வெளியாட்கள் இருவரும் தங்களுக்குள் இடம் மாறியிருப்பார்கள். ஃப்ரை ஜோடிக்கு 4, ஏழு பேர் சங்கிலிக்கு 9, மொத்தம் 13. முதல் சங்கிலி முடிந்ததும் இடம் மாறிய வெளியாட்கள், இரண்டாவது சங்கிலி முடிந்ததும் தாமாகவே சரியாகிவிடுகிறார்கள். சங்கிலிகள் ஒற்றைப்படையாக இருந்தால்தான் அந்தக் கையிருப்பைத் தொட வேண்டும். சங்கிலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்க்கலாம் என்பதால், கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தாலும் ஒன்பது லட்சம் பேர் இருந்தாலும் வெளியாள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தம்பியிடம் சொல்லுங்கள், வசனத்துக்காக வைத்த இருவர் அல்லர்.

விதியையும் எழுத்தாளரே போட்டார், விடையையும் அவரே சொன்னார். இதில் பாராட்ட என்ன இருக்கிறது? இது உண்மையான கணிதம்தானா, கணிதம் போன்ற அலங்காரமா?

கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது, ஆனால் நான் உங்களோடு உடன்படவில்லை.

எழுதியவர் கென் கீலர். 1990-இல் ஹார்வர்டில் பயன்முறைக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டுத் தொலைக்காட்சி எழுத்துக்கு வந்தவர். மாட் க்ரோனிங்கோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய டேவிட் எக்ஸ். கோஹனும் ஹார்வர்டில் இயற்பியல், பெர்க்லியில் கணினி அறிவியல் என்று படித்தவர். அந்த எழுத்தாளர் அறையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள்.

உடல் மாறும் கதைகள் எத்தனையோ பார்த்துவிட்டோம். நேரம் முடியப்போகும்போது ஒரு மின்னல் அடிக்கும், அல்லது இயந்திரத்தில் ஒரு கம்பியை மாற்றுவார்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும். கீலருக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. 'இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டேன்' என்று பேராசிரியர் வாயில் ஒரு வரி வைத்திருந்தால் அத்தியாயம் முடிந்திருக்கும், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை. தான் போட்ட தடையைக் கடைசிவரை மதித்து, அந்தத் தடைக்குள்ளேயே வழி இருக்கிறதா என்று தேடினார். வழி உண்டு என்று நிறுவினார். நிறுவலையே திரையில் காட்டினார். விதியை மீறாமல் கதையை முடித்த அந்த நேர்மைதான் என் பாராட்டுக்குக் காரணம். அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2011-இல் அனிமேஷன் பிரிவுக்கான விருதை இந்த அத்தியாயத்துக்குக் கொடுத்தது.

கணிதம் உண்மையானதே. பலகையில் எழுதியிருப்பது கிறுக்கல் இல்லை. படத்தை நிறுத்தி வரிவரியாகப் படிக்கலாம். ஒரு சுழற்சியை, அதாவது நாம் சங்கிலி என்று சொன்னதை, எடுத்துக்கொண்டு, இரண்டு புதிய உடல்களைச் சேர்த்து, இடமாற்றங்களின் பெருக்கலாக விடையை எழுதுகிறது. இரண்டு பேர் மட்டும் மாறிக்கொள்வது இடமாற்றம்; அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது பெருக்கல். எந்த வரிசைமாற்றத்தையும் இடமாற்றங்களின் பெருக்கலாக எழுதலாம் என்பது குலக் கோட்பாட்டின் தொடக்கப் பாடம், பழையது. 'முன்பு பயன்படுத்திய எந்த இடமாற்றமும் மறுபடி வரக்கூடாது' என்ற நிபந்தனையைச் சேர்த்து, அப்போதும் இரண்டு புதியவர்கள் எல்லாச் சிக்கலுக்கும் போதும் என்று காட்டியது கீலரின் பங்கு. கணிதத்தையே புரட்டிப்போட்ட கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொன்னால் அவருக்கே நியாயம் செய்வதாகாது. கச்சிதமான, முழுமையான, அழகான ஒரு முடிவு. 2014-இல் 'அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மந்த்லி' இதழில் இந்தத் தேற்றத்தை எடுத்துக்கொண்டு, மிகக் குறைந்த மாற்றங்களில் முடிக்கும் வழியைக் காட்டும் ஆய்வுக்கட்டுரையும் வந்தது.

என் மகனுக்கு எட்டு வயது. அனிமேஷன் என்றால் உயிர். கணித ஆர்வம் வரட்டுமே என்று இந்த அத்தியாயத்தைப் போட்டுக் காட்டலாமா?

வேண்டாம். பெரியவர்களுக்காக எழுதிய தொடர் இது. உடல் மாறும் கதை என்பதால் இந்த அத்தியாயத்தில் அந்த மாதிரி நகைச்சுவை கூடுதலாகவே இருக்கிறது. பையனுக்கு நாற்காலியும் சீட்டும் கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் இந்தப் புதிரை மிக நன்றாகப் போடுகிறார்கள்.

எல்லாரும் தேற்றத்தையே பேசுகிறீர்கள். எனக்குப் பிடித்தது லீலா–ஃப்ரை பகுதிதான். அதைப் பற்றி உங்கள் கருத்து?

கேட்டதற்கு நன்றி. இந்தக் கடிதம் வராமல் போயிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

லீலா கிழவரின் உடம்புக்குள் போனதும் ஃப்ரை அவளைப் பார்க்கும் பார்வை மாறிவிடுகிறது. முகம் சுளிக்கிறான். தன் தோற்றத்துக்காகத்தான் இவ்வளவு நாளும் சுற்றிச்சுற்றி வந்தானா என்று அவளுக்குச் சுருக்கென்கிறது. அவள் கோபப்படுகிறாள். அவனும் விட்டுக்கொடுப்பதில்லை. நண்டு உருவ ஸாய்ட்பெர்கின் உடம்புக்கு மாறிக்கொண்டு அவள் எதிரே வந்து உட்காருகிறான். 'இப்போது நீ என்னை விரும்புவாயா?' என்பதுதான் அதன் பொருள். தோல் சுருங்கிய ஒரு கிழவரும் கொடுக்கும் தாடையுமாக ஒரு நண்டு மனிதரும் உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, யார் முதலில் அருவருத்து எழுவது என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்தப் பிடிவாதமே கொஞ்சம் கொஞ்சமாக இணக்கமாக மாறுகிறது. கடைசியில் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். பார்ப்பவருக்குச் சிரிப்பும் வரும், கூச்சமும் வரும். ஆனால் அந்த இரண்டு மனங்களுக்கு இடையில் இருப்பது உண்மையான அன்பு என்பதில் ஐயம் வராது.

உடம்பை மாற்றினால் மனிதர் மாறுவாரா என்ற பழைய கேள்விக்கு இந்த அத்தியாயம் ஆள் ஆளாகப் பதில் சொல்கிறது. பேராசிரியர் இளமை கேட்டார். அது கிடைத்தும் அவருக்கு அமைதியில்லை. வேறொரு உடம்பில் ஏறிச் சாகசம் தேடி ஓடுகிறார். பெண்டருக்கு யார் உடம்பு கிடைத்தாலும் திருட்டுப் புத்தி திருட்டுப் புத்திதான். வாளியோ ஓர் அழகிய பெண்ணுடைய உடம்பில் வந்து நின்று தன் காதலைச் சொல்கிறது. ஸ்க்ரஃபி அதை ஏற்காமல் விலகுகிறார். அந்தச் சிறிய காட்சியில் ஒரு கண்ணியம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டிருந்தாலும் எனக்கு அங்கே தொண்டை அடைக்கும்.

மாற்றப்பட்டவை சீட்டுகள் அல்ல, ஆசைகள். அதனால்தான் தேற்றம் வரும்போது நமக்கு விடை மேல் அக்கறை இருக்கிறது. இவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்று நாமும் விரும்பத் தொடங்கிவிட்டோம் அல்லவா!

மனத்தை உடல் விட்டு உடல் மாற்றுவது அறிவியல்படி என்றாவது நடக்குமா?

இன்றைய அறிவின்படி அதற்கு எந்த வழியும் இல்லை. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. நம் நினைவும் பழக்கமும் சுபாவமும் அவற்றுக்கு இடையே உள்ள இணைப்புகளிலேயே பதிந்திருக்கின்றன. மூளை ஒரு பாத்திரம், மனம் அதில் ஊற்றிய தண்ணீர் என்பது போல ஊற்றி மாற்ற முடியாது. மூளைக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகிவிடுவதால்தான் ஒரே ஜோடி திரும்ப மாற முடியவில்லை என்று கதையில் சொல்லும் காரணமும் கற்பனையே. அந்தக் கற்பனைக் காரணத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. விதி எங்கிருந்து வந்தது என்பது கதை. விதியிலிருந்து என்ன பின்தொடர்கிறது என்பதில் மட்டும் அவர்கள் துளியும் பிசகவில்லை.

நான் முதுகலைக் கணித மாணவி. குளோப்டிராட்டர்கள் வராமலே அந்த ஒன்பது பேரும் தங்களுக்குள்ளேயே மீண்டிருக்க முடியாதா? எங்கள் விடுதியில் இதுதான் விவாதம்.

முடியும்! இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

ஏழு பேர் சங்கிலியைப் பொறுத்தவரை ஃப்ரையும் ஸாய்ட்பெர்கும் யார்? அந்த ஏழு பேரில் ஒருவரோடும் மாறாதவர்கள். அதாவது அவர்களே வெளியாட்கள். அவர்கள் ஏற்கெனவே ஒருவர் உடம்பில் ஒருவர் இருக்கிறார்கள். ஒரு சங்கிலியை அவிழ்த்து முடிக்கும்போது வெளியாட்கள் இருவரும் இடம் மாறிவிடுவார்கள் என்று மேலே பார்த்தோம். மாறியிருப்பவர்கள் இன்னொரு முறை மாறினால்? சரியாகிவிடுவார்கள். அவர்களுடைய சிக்கலே இங்கே மருந்தாகிறது.

செய்துபாருங்கள். இடம்பெறும் பெயர்கள் எல்லாம் உடல்கள். முதலில் ஃப்ரையும் பேராசிரியரும்: லீலாவின் மனம் ஃப்ரை உடம்புக்கு வருகிறது, ஸாய்ட்பெர்கின் மனம் பேராசிரியர் உடம்புக்குப் போகிறது. இரண்டாவதாக ஸாய்ட்பெர்கும் பெண்டரும்: பேராசிரியரின் மனம் ஸாய்ட்பெர்க் உடம்புக்கு, ஃப்ரையின் மனம் பெண்டர் உடம்புக்கு. இனி ஃப்ரை உடம்பு வரிசையாக வீடு வீடாகப் போகிறது. லீலாவோடு மாறினால் லீலா வீடு சேருகிறாள், ஹெர்மீஸ் கைக்கு வருகிறார். ஹெர்மீஸோடு மாறினால் அவர் சேருகிறார், ஏமி வருகிறாள். ஏமியோடு, பிறகு வாளியோடு, பிறகு சக்கரவர்த்தியோடு. ஒவ்வொரு முறையும் ஒருவர் இறங்க, அடுத்தவர் ஏறுகிறார். சக்கரவர்த்தி இறங்கியதும் ஃப்ரை உடம்பில் இருப்பது பெண்டர். எட்டாவதாக ஃப்ரையும் பெண்டரும்: பெண்டர் வீடு சேருகிறான், அங்கே காத்திருந்த ஃப்ரையின் மனம் தன் சொந்த உடம்புக்கே வந்துவிடுகிறது. ஒன்பதாவதாக ஸாய்ட்பெர்கும் பேராசிரியரும்: இருவரும் ஒரே நேரத்தில் வீடு சேர்ந்தார்கள். வேறு யாரும் பாக்கி இல்லை.

ஒன்பதே மாற்றங்கள். ஒவ்வொன்றிலும் ஃப்ரை அல்லது ஸாய்ட்பெர்க் உடம்பு இருக்கிறது, எதிரே எழுவரில் ஒருவர். இந்த ஜோடிகளில் எதுவும் கதையில் முன்பு பயன்படவில்லை, இங்கேயும் இரண்டு முறை வரவில்லை.

ஒன்பதுக்கும் குறைவாக முடியுமா என்று உங்கள் விடுதியில் அடுத்த கேள்வி கிளம்பும், அதற்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். எந்த ஒரு மாற்றமும் ஒரு சங்கிலியை இரண்டாக வெட்டும், அல்லது இரண்டு சங்கிலிகளை ஒன்றாக ஒட்டும். மூன்றாவது வகை கிடையாது. தொடக்கத்தில் சங்கிலிகள் இரண்டு. எல்லாரும் வீடு சேர்ந்தால் ஆளுக்கொன்றாக ஒன்பது. எனவே வெட்டுகள் ஒட்டுகளைவிட ஏழு அதிகமாக இருந்தாக வேண்டும். ஒட்டே இல்லாமல் ஏழு வெட்டில் முடிக்கலாமே என்றால், ஃப்ரை–ஸாய்ட்பெர்க் சங்கிலியை வெட்ட அவர்கள் இருவரும் நேராக மாறுவதைத் தவிர வழியில்லை, அது தடைசெய்யப்பட்டது. ஆகவே ஓர் ஒட்டாவது வேண்டும், அதை ஈடுகட்ட எட்டு வெட்டுகள். கூட்டினால் 9. இதற்குக் கீழே போக இடமே இல்லை.

அப்படியானால் கீலர் வீணாக இருவரைக் கூட்டிவந்தாரா? இல்லை. இந்தக் குறுக்குவழி இந்த ஒன்பது பேரின் நல்லூழ். ஃப்ரையும் ஸாய்ட்பெர்கும் அந்தக் கூட்டத்தில் கலக்காமல் தனியாக நின்றதால் கிடைத்தது. எல்லாரும் எல்லாரோடும் மாறித் தீர்த்திருந்தால் புதிய ஜோடியே மிஞ்சியிருக்காது. எந்தக் குழப்பத்தைக் கொண்டுவந்தாலும் மீட்க முடியும் என்று உறுதி சொல்வதுதான் தேற்றம். அந்த உறுதிக்கு இரண்டு புதிய உடல்கள் வேண்டும். கிளைடும் பபிள்கம்மும் அதற்காக வந்தவர்கள்.

உங்கள் விடுதியில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் இதை அடுத்த ஆண்டு வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்போகிறேன்.

இந்தத் தொடரில் ராமானுஜனின் 1729 வருகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1999-இல் வந்த ஒரு பண்டிகை அத்தியாயத்தில் பெண்டருக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. அவனைத் தயாரித்த இயந்திரம் அவனைத் தன் 1729-ஆவது மகன் என்று அதில் குறிப்பிடுகிறது. நிம்பஸ் என்ற விண்கலத்தின் பதிவெண்ணிலும் 1729 இருக்கிறது. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் இது: 1-இன் கனமும் 12-இன் கனமும், 9-இன் கனமும் 10-இன் கனமும். 2007-இல் வந்த முழுநீளப் படமான 'பெண்டர்ஸ் பிக் ஸ்கோர்'-இல் ஒரு வாடகைக் காரின் எண் 87539319. அது மூன்று விதங்களில் அப்படி எழுதக்கூடிய மிகச் சிறிய எண். 167, 436 என்ற ஜோடியில் தொடங்குங்கள், மற்ற இரண்டையும் நீங்களே கண்டுபிடியுங்கள். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி ராமானுஜனைப் பார்க்க வந்த, 1729 என்ற எண் கொண்ட வாடகைக் காரை அந்த எழுத்தாளர்கள் மறக்கவில்லை என்பதில் எனக்குத் தனி நெகிழ்ச்சி உண்டு.

பார்த்துவிட்டேன், பிடித்தும்விட்டது. அடுத்து எதைப் பார்க்கட்டும்?

'தி லேட் ஃபிலிப் ஜே. ஃப்ரை'. அதே 2010-இல் வந்தது, 2011-இல் எம்மி விருது பெற்றது. அதில் ஒரு கால இயந்திரம், அதற்கும் ஒரே ஒரு தடை: முன்னோக்கி மட்டும்தான் போகும். லீலாவின் பிறந்தநாள் விருந்துக்குப் போகவேண்டிய ஃப்ரை, பேராசிரியரோடும் பெண்டரோடும் எதிர்காலத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறான். திரும்பி வரும் வழியில்லை. வீடு சேர அவர்கள் எடுக்கும் பாதையை நான் சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் பேசலாம்.